பூஜ்ஜியத்துக்குக் கீழே

கிழக்கு வெளுக்கும் முன்பே மட்டாஞ்சேரி வாய்க்கால் கரையில் அந்தக் கரிக்கொட்டகை புகையத் தொடங்கிவிடும். தேங்காய்ச் சிரட்டையைச் சூளையில் கொட்டி, காற்றுப் புகாமல் மூடி, கரியாக்கும் வேலை. மூக்கம்மாள் வெந்த கரியை இரும்பு வாரியால் இழுத்துக்கொண்டிருந்தாள். அனல் இமை மயிரைப் பொசுக்கியது. அடுத்த சூளையில் நின்ற அவள் தம்பி பிச்சை ஒரு சொல்லும் சொல்லாமல் கனலும் கரிமேல் குப்புற விழுந்தான்.

காலைப் பிடித்து இழுத்தார்கள். வெந்த தோல் மூக்கம்மாளின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் மூச்சு இழுபறியாக ஓடியது. பக்கத்து மிளகுக் கிடங்கில் மூட்டை சுமக்கும் செல்லதுரையின் ஆட்கள் கைவண்டி கொண்டுவந்தார்கள். தலையிலடித்துக்கொண்டு பிச்சையின் பெண்டாட்டி மாயம்மாள் வண்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

முதலாளி சிவசங்கரன் அப்போதுதான் வந்தார்.

"மொகம் செவந்து கெடந்துச்சாமே. நல்லா சாராயம் ஏத்தியிருக்கான். மூக்கம்மா, நீ போய் அவன் சூளையைப் பாரு."

"சாயாவைத் தவிர அவன் ஒண்ணும் தொட்டதில்ல மொதலாளி! உள்ள வெசக்காத்து இருக்கு. நான் போமாட்டேன்."

"இருந்தா மணி அடிச்சிருக்குமே!" வெளிச்சுவரில் மாட்டியிருந்த, விஷக்காற்றை அளக்கும் வாயுமானியைத் தட்டினார். முள் பூஜ்ஜியத்தில் நின்றது. அதிகாரிகளுக்குக் காட்ட வாங்கிய மெஷின். அதைப் பற்றிப் பேசுவதென்றால் மனுஷனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மூடியைத் திறந்தார்.

"ரெண்டு குழாய். ஒண்ணுல சுத்த வாயு, சீல் வச்சது. இன்னொண்ணுல, அந்த ரப்பர் குழாய் உறிஞ்சுற கொட்டகைக் காத்து. பின்னால கம்பி பழுத்து, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடும். வெசம் இருந்தா வெளிச்சத்தைக் குடிச்சிடும். நடுவுல சுத்துற தகடு ரெண்டு வெளிச்சத்தையும் வெட்டி வெட்டி அனுப்பும். ரெண்டும் சமமா வந்தா முள்ளு அசையாது. ஒண்ணு கொறஞ்சா அந்தத் துளி வித்தியாசத்தை உள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபயர் பெருக்கி முள்ளைத் தள்ளும். மெஷின் பொய் பேசுமா?"

"தெனம் சூளை பொகைஞ்சதும் மணி அடிக்குதே? மேஸ்திரி வந்து ஒரு திருகைத் திருகுனதும் நின்னுபோகுது. அது என்ன திருகு?"

"முள்ளைப் பூஜ்ஜியத்துல நிறுத்துற திருகு. சுத்தக் காத்துல வச்சு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். மூக்கம்மாள் சுவர் ஓட்டையிலிருந்து ரப்பர் குழாயை உருவி, வாய்க்கால் காற்றில் நீட்டினாள். முள் நடுங்கியது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சரிந்து, ஓரத்தில் டக்கென்று இடித்து நின்றது. அட பாவிகளா! விஷத்தையே சுத்தக் காற்று என்று மெஷினுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள். வாய்க்கால் காற்றோ அதற்கு ஒன்றுமில்லாததைவிடவும் குறைவு!

"வெங்கிட்டு! அதைப் பிடுங்குடா!"

மேஸ்திரி வெங்கிட்டு இரும்பு வாரியை அவள் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் அலறினாள், குழாயை விடவில்லை. இரண்டாவது அடிக்கு வாரியை ஓங்கியபோது, கூடச் சூளையில் வேலை செய்யும் காளியம்மை குறுக்கே பாய்ந்தாள். அவள் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அந்த ரத்தத்தோடேயே அவளும் குழாயைப் பிடித்தாள். இன்னொருத்தி பிடித்தாள். எட்டு, பத்துக் கைகள். மூட்டைக் கொக்கிகளோடு மிளகுக் கிடங்குச் சுமட்டுக்காரர்கள் மதிலேறிக் குதித்தார்கள். செல்லதுரை வெங்கிட்டுவின் கையை முறுக்க, வாரி மண்ணில் விழுந்தது.

"போலீஸைக் கூப்பிடுவேன்! கொட்டகையைப் பூட்டிடுவேன்!"

"கூப்பிடுங்க மொதலாளி, அவங்களும் முள்ளைப் பாக்கட்டும்," என்றாள் மூக்கம்மாள். வலியில் பல் கிட்டியது. "எங்க எல்லாரு முன்னாலயும் இந்தக் காத்துல வச்சுத் திருகைத் திருப்பணும். நாங்க உள்ள போலாமான்னு அப்புறம் அந்த மணி சொல்லட்டும்."

"மூக்கம்மா சேச்சி சொன்னதுதான் எங்களுக்கும்," என்றான் செல்லதுரை. "இன்னைக்கு உங்க கரி மூட்டை ஒண்ணும் வள்ளத்துல ஏறாது."

பிச்சை பிழைப்பானா என்று ஒரு சேதியும் வரவில்லை. தெருமுனையில் போலீஸ் விசில் கேட்டது. மூக்கம்மாள் முறிந்த கையை முந்தானையில் கட்டிக்கொண்டு, குழாயை இடது கைக்கு மாற்றினாள். உள்ளே சூளைகள் ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டிருந்தன. ஒருத்தரும் உள்ளே போகவில்லை.