ஒரு கோப்பு குறைகிறது

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் அனந்தகிருஷ்ணன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மூத்த மகள் வைதேஹி அதில் எம்.ஃபில் ஆய்வேட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படித்த இளையவள் சுபிக்ஷா அதில் கார் ஓட்டினாள். 2003-ஆம் வருடக் கோடை முழுக்க அந்த நாற்காலிக்காகவே இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலைந்தார்கள்.

சுபிக்ஷாவின் கார் பந்தய விளையாட்டுக்கு யாரோ ஒரு வெளிநாட்டு ரசிகர் புது மலைப்பாதைகள் செய்து இணையத்தில் போட்டிருந்தார். 'மாட்' என்பார்கள் அதை. நான்கு நாள் சைபர் கஃபேயில் தவம் கிடந்து அதை இறக்கி, சிடியில் பதிந்து வந்து, வெள்ளிக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். சனிக்கிழமை மத்தியானம் ஆசையாக உட்கார்ந்தால், திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. தேவையான கோப்பு ஒன்று இல்லையாம், அது இல்லாமல் விளையாட்டு தொடங்காதாம்.

நேற்று அவள் கண்ணால் பார்த்த கோப்பு. ஃபோல்டரில் இல்லை, ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் வைதேஹி ஒருத்திதான்.

சுபிக்ஷா நேராகச் சமையலறைக்குப் போனாள். "என் கேம் ஃபைலை எதுக்கு டெலீட் பண்ணினே?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வைதேஹி நிமிரவில்லை. "உன் குப்பையைத் தொட எனக்கென்ன பைத்தியமா?"

"இடத்தை அடைக்கறது, ஒருநாள் எல்லாத்தையும் அழிச்சுடுவேன்னு போன வாரம் நீதானே சொன்னே?"

"சொன்னேன். பண்ணலை. பண்ணியிருக்கணும்."

"ஜூட்டி!" என்று இந்தியில் கத்தினாள் சுபிக்ஷா. "பொய் சொல்றே."

"வாயை அளந்து பேசுடி. இருபது வயசாறது, பொம்மைக் கார் ஓட்டிண்டு உட்கார்ந்திருக்கே. வெட்கமா இல்லே?"

வைதேஹி கத்தியை வைத்துவிட்டு, அம்மாவோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

சுபிக்ஷாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்காவின் ஃபோல்டரைத் திறந்தாள். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம், மூன்று வார உழைப்பு. மீட்க முடியாதபடி அழித்தாள். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயம்தான்.

பிறகு சிடியைப் போட்டு மாடை மறுபடி ஏற்றினாள். காணாமல் போன கோப்பு ஃபோல்டரில் வந்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. திரையின் மூலையில் ஆன்டிவைரஸின் அறிவிப்பு: சந்தேகத்துக்குரிய கோப்பு பூட்டி வைக்கப்பட்டது. அந்த ஆன்டிவைரஸை அப்பா முந்தின நாள் ராத்திரிதான் போட்டிருந்தார்.



வைதேஹி திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டாள், "மூணாவது சாப்டர் எங்கே?"

"நான்தான் அழிச்சேன். நீ என் ஃபைலை அழிச்சுட்டேன்னு நெனச்சேன். நீ இல்லே, ஆன்டிவைரஸ்." என்றாள் சுபிக்ஷா. "சாரி."

"உன் சாரியை வெச்சுண்டு நான் என்ன பண்ணட்டும்? கைடுக்குக் காட்டவா?"

கரோல் பாக் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஹார்ட் டிஸ்கைத் துழாவிப் பதினெட்டுப் பக்கங்களை மீட்டுக் கொடுத்தார். அத்தனையும் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு எழுத்து தேறவில்லை. குறிப்புகளை வைத்து வைதேஹி முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

"நீ சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்" என்று சுபிக்ஷா பக்கத்தில் போய் நின்றாள்.

"கீபோர்டைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாருமில்லாதபோது சுபிக்ஷா ஆன்டிவைரஸ் பூட்டி வைத்த கோப்பை விடுவித்து விளையாடினாள். பாதைகள் நன்றாகத்தான் இருந்தன. பாதியில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டு அவசரமாக அணைத்தாள்.

ஆய்வேட்டை வைதேஹி குறித்த தேதியில் கொடுக்க முடியவில்லை. அவகாசம் கேட்டு, கைடிடம் பேச்சு வாங்கி, அக்டோபரில் கொடுத்தாள். அதன் பிரதி ஒன்று வீட்டுக்கு வந்தது. நன்றியுரையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்த அப்பாவு என்பவரும் இருந்தார். சுபிக்ஷா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.