குறையாத மெழுகு

மெழுகக்காவுக்கு மூக்கு போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. முகத்தில் அது இருந்த இடத்தில்தான் இருந்தது, வேலைதான் செய்யவில்லை. ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் அவளைப் படுக்கையில் போட்டது. எழுந்தபோது பசி திரும்பியது, தெம்பு பாதி திரும்பியது, வாசனை மட்டும் திரும்பவில்லை. அடுப்பில் வைத்த பால் தீய்ந்து பாத்திரம் கறுத்தபோது, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

வேறு ஒருத்திக்கு இப்படி ஆகியிருந்தால் தெருவெல்லாம் சொல்லி நாலு பேரிடம் ஆறுதல் வாங்கியிருப்பாள். இவளால் அது முடியாது. இவள் விற்பதே வாசனை. திரியில்லாத மெழுகு, அதை உருக்க மின்சாரத்தில் சூடாகும் சின்னக் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்கு வார்மர் என்று பெயர். தீ இல்லை, புகை இல்லை, ஒரு கட்டி மெழுகைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் அறை மணக்கும். இந்த வார்த்தைகளை ஆறு வருடமாக ஒவ்வொரு கதவிலும் சொல்லிச் சொல்லி, அவள் சொந்தப் பெயர் தேய்ந்து மெழுகக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மூக்கு விஷயம் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவர். "விடு, இனிமே என் சட்டையைத் துவைக்கும்போது மூஞ்சியைச் சுளிக்க மாட்ட" என்றார். அன்றைக்கு முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை. மறுநாள் சட்டையைத் துவைத்தபோது அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

எப்படியோ சமாளித்தாள். முன்பெல்லாம் மெழுகை முகர்ந்துவிட்டுப் பேசுவாள், இப்போது வாங்க வருகிறவளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். புருவம் தளர்ந்தால் பிடித்திருக்கிறது. உதடு சுருங்கினால் அடுத்த பெட்டி. முகங்களை இப்படிப் படித்துப் படித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

முழங்கால் வேறு. அவள் போகிற கட்டடங்களில் பாதிக்கு லிஃப்ட் கிடையாது, இருக்கிற லிஃப்ட்டும் ஓடாது. அதனால்தான் பல் ஆஸ்பத்திரி ஆர்டரை அவள் அவ்வளவு நம்பியிருந்தாள். ஹாலும் மூன்று அறைகளும், நான்கு வார்மர்கள், வருடம் முழுக்க மெழுகு. மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், போடுவதையும் மாற்றுவதையும் அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது கிடைத்துவிட்டால் வீடு வீடாக ஏறுவதை விட்டுவிடலாம். அந்த டாக்டரம்மாவிடம் இவளைப் பற்றிச் சொன்னது அங்கே டோக்கன் கொடுக்கிற பெண். இவள் தெருக்காரிதான். எல்லோரும் அவளை டோக்கன் என்றே கூப்பிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஹாலில் ஒரே ஒரு வார்மர் வைத்துப் பார்ப்பது என்று பேச்சு. இன்றோடு அந்த இரண்டு வாரம் முடிகிறது.

மூன்றாவது மாடிக்கு ஏறி உள்ளே நுழைந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது.

"வாங்க மெழுகக்கா. உக்காருங்க, பயப்படாதீங்க, பல்லைப் பிடுங்க மாட்டோம்" என்றாள் டோக்கன்.

"பிடுங்கினா பிடுங்கிக்கோ. எடையாவது குறையும். டாக்டர் என்ன நினைக்கிறாங்க?"

"அவங்க எங்க நினைக்கிறாங்க, எந்நேரமும் யாரு வாய்க்குள்ளயாவது இருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா, உங்க மெழுகு மெழுகுதான். ரெண்டு வாரமா ஓடுது, ஒரு துளி குறையலை."

 இந்தப் பாராட்டை மெழுகக்கா பல கதவுகளில் கேட்டிருக்கிறாள். மெழுகு குறையாது. எத்தனை நாள் உருகினாலும் அப்படியே கிடக்கும், அதற்குள் இருக்கிற வாசனைதான் நாலைந்து நாளில் போய்விடும். அதனால் பழசைத் துடைத்துப் போட்டுவிட்டுப் புதுசை வைக்க வேண்டும். சொன்னால் தலையாட்டுவார்கள். பிறகு நிறைந்த கிண்ணத்தைப் பார்த்ததும் கொட்ட மனம் வராது.

"பழசை எடுத்துட்டு மாத்தச் சொன்னேனே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இது வாசனை அடிக்குதா இல்லையா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஹாலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாத்தியார், கைக்குட்டையும் கையுமாக ஒரு அம்மாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பல்வலிக்காரர்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது.

மெழுகக்கா வார்மர் பக்கம் போய்க் குனிந்தாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். வெறும் சூடுதான் மூக்கில் ஏறியது. இன்னொரு தரம் இழுத்தாள். சுவரைப் போய் முகர்ந்த மாதிரி இருந்தது. டாக்டர் முகத்தைப் படிக்கலாம் என்று பார்த்தாள், அதில் களைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. டோக்கன் முகத்தில் எப்போதும் போல எல்லாமே இருந்தது.

கண்ணை நம்புவதைத் தவிர வழியில்லை. புது மெழுகு உருகினால் எண்ணெய் மாதிரி தெளிவாக நிற்கும். இது கலங்கிக் கிடந்தது, ஓரத்தில் ஒரு கொசு. ஒரு துளி குறையவில்லை என்று டோக்கனே சொல்லிவிட்டாள். வேறென்ன வேண்டும்.

"இல்லை டாக்டர், வாசனை போயிடுச்சு" என்றாள். "நாலு நாளைக்கு ஒருதடவை மாத்தணும்னு சொல்லிட்டுத்தான் போனேன். இவங்க மாத்தலை."

டோக்கன் நாற்காலியை விட்டு எழுந்தாள். "யாரு மாத்தலை? காலையிலதானே ரெண்டு கட்டி போட்டேன். போன வாரமும் போட்டேன். பழசைக் கொட்டலை, அவ்வளவுதான். நிறைஞ்ச கிண்ணத்தைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? ஓரத்துல கொஞ்சம் வழிச்சு இடம் பண்ணி அது மேலயே போட்டேன்."

"அப்ப வாசனை அடிக்குதா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"போடும்போது நல்லா அடிச்சுது." டோக்கன் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். "இப்ப தெரியலை டாக்டர். நான் காலையிலேர்ந்து இதுக்குள்ளயே இருக்கேன்."

டாக்டர் வாத்தியாரைப் பார்த்தார். அவர் மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுக் காட்டி, ஊசி போட்டதிலிருந்து முகம் தன்னுடையது மாதிரியே இல்லை என்பதை எப்படியோ குழறிச் சொன்னார். கைக்குட்டை அம்மாள், "எனக்குச் சளிம்மா, என்னைக் கேட்காதீங்க" என்றாள்.

"நீங்களே சொல்லலாமே டாக்டர்" என்றாள் டோக்கன்.

"எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்கு இவங்களைக் கேட்கிறேன்? பன்னிரண்டு வருஷமா மாஸ்க். எனக்கு உலகமே ரப்பர் வாசனைதான்."

ஐந்து பேரும் அந்தச் சின்னக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது கூரியர்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் மூக்கைத் தூக்கினார்.

"என்ன, உள்ள துணி துவைச்சுக் காயப் போட்டிருக்கீங்களா?"

வார்மரில் போட்டிருந்த மெழுகின் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரே 'துவைத்த துணி'தான்.

"நல்லாத்தான் இருக்கு" என்று அவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். "போன மாசமெல்லாம் வாசல்லயே வயித்தைப் புரட்டும்."

அவர் போனதும் டாக்டர் மெழுகக்கா பக்கம் திரும்பினார். "அடிக்குதாமே. நீங்க ஏன் இல்லைன்னீங்க?"

சளி என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் ஒருத்தி சொன்னாள், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் சளி எப்போது சரியாகும் என்று கேட்பார்கள், அதற்கு ஒன்று சொல்ல வேண்டும், பிறகு அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"எனக்கு வாசனை தெரியாது டாக்டர். மூணு மாசம் ஆச்சு."

உள்ளறையில் எச்சில் உறிஞ்சும் குழாய் கொரகொரவென்று சத்தம் போட்டது.

"காய்ச்சலுக்கு அப்புறமா?"

"ஆமா."

"சிலருக்குத் திரும்பி வரும். நாளாகலாம்." டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "உள்ளறைக்கெல்லாம் இப்ப வேண்டாம். ஹால்ல இருக்கட்டும். ஆனா நாலு நாளைக்கு ஒருதடவை நீங்களே வந்து மாத்தணும். இவளை விட்டா மெழுகு மேல மெழுகா அடுக்கிடுவா. நீங்க கொட்டுங்க, இவ முகரட்டும்." முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படி குறையும் என்று வந்தவளுக்குப் படி கூடியது. நாலு நாளைக்கு ஒருமுறை மூன்று மாடி, அதுவும் ஒரே ஒரு கிண்ணத்துக்கு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொசுவோடு சேர்த்துப் பழசைத் துடைத்தெடுத்து, புதுக் கட்டியைப் போட்டுவிட்டுப் பையைத் தூக்கினாள்.

டோக்கன் மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"என்னை ஏன் மாட்டி விட்டீங்க?"

"கலங்கலா இருந்துச்சு. குறையலைன்னு நீயும் சொன்ன. மாத்தலைன்னு நினைச்சுட்டேன்."

"அவங்க முன்னாடி, இவ மாத்தலைன்னு. உங்களைப் பத்தி அவங்ககிட்டச் சொன்னதே நான்."

"தப்புதான்" என்றாள் மெழுகக்கா. படியில் உட்கார்ந்துவிட்டாள். "பயத்துல சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

டோக்கன் படியின் கைப்பிடியைத் தட்டினாள். "மூக்கு விஷயத்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"தெரு பூரா சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லலை."

டோக்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுதாகப் போகவில்லை என்றாலும் அவளும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். மெழுகக்கா பையைத் திறந்து இரண்டு பெட்டிகளை எடுத்தாள். மெழுகு பெரிய பாளமாக வரும், வெட்டிப் பெட்டியில் போட்டுப் பெயர் ஒட்டுவது அவள்தான். மூன்று மாதமாக அதையும் நிறத்தைப் பார்த்தே செய்துகொண்டிருந்தாள்.

"இதைக் கொஞ்சம் முகர்ந்து பாரு."

"என்ன எழுதியிருக்கு?"

"எலுமிச்சை."

டோக்கன் முகர்ந்தாள், பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி முகர்ந்தாள். "இது எலுமிச்சை இல்லைக்கா. வெனிலா. கேக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு." அடுத்ததையும் வாங்கிப் பார்த்தாள். "வெனிலான்னு ஒட்டியிருக்கீங்களே, இதுதான் எலுமிச்சை."

இரண்டுமே வெளிர் மஞ்சள். மெழுகக்கா விரல் விட்டு எண்ணினாள். எலுமிச்சை ஐந்து வீட்டுக்குப் போயிருக்கிறது, வெனிலா நான்கு வீட்டுக்கு. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லணும்" என்றாள்.

"முதல்ல எங்க?"

"பாங்க்குக்குப் பின்னாடி, அஞ்சாவது மாடி அம்மா. அவங்கதான் எலுமிச்சைன்னா இப்படித்தான் இருக்கணும்னு சொல்லி இன்னும் ரெண்டு பெட்டி வாங்கினாங்க."

"அவங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல. விட்டுடுங்களேன்."

உள்ளேயிருந்து யாரோ டோக்கன் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மெழுகக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். திருப்பத்தில் நின்று மேலே பார்த்தாள்.

"அந்தம்மா அடுத்த தடவை எலுமிச்சை வேணும்னா நான் எதைக் கொடுக்க?"

 மேலே கதவு சாத்திக்கொண்டது. அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினாள்.