கிருஷ்ணம்மாவுக்கு ஞாபகம் இருப்பவை

“டாக்டர் எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுக்கா,” என்று மனநல மருத்துவமனை வராந்தாவில் கமலநாதன் மறுபடியும் கிசுகிசுத்தார். அக்கா கிருஷ்ணம்மா வார்டிலேயே இருந்தால் இதய மருந்தும் சாப்பாடும் அரசாங்கத்தின் பொறுப்பு. குணமாகிவிட்டது என்று எழுதிவிட்டால் ஸ்கூடாயில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். தன் மகன் சிங்கப்பூர் போனதிலிருந்து அங்கே ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது.

டாக்டர் பிரேமளா இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இன்னைக்கு என்ன கிழமைம்மா?”

“வியாழன்.”

கமலநாதனுக்கு வியர்த்தது.

“சொந்த ஊரு?”

“காஹாங் எஸ்டேட்.”

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“மீஹூன். உப்பே இல்ல.”

டாக்டர் சிரித்தபடி பேனாவை எடுத்தார். “பக்கத்துல யாரு?”

கிருஷ்ணம்மா தம்பியை நெடுநேரம் பார்த்தார். கமலநாதன் தரையைப் பார்த்தார்.

“எல்லாம் ஞாபகம் இருக்கு டாக்டர். இந்த ஆளு யாருன்னுதான் தெரியல.”