பென்ஷனும் அவசரமும்

மருமகளாக இருந்தவளின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது டெலிபோன் அம்மாவின் ஒரு கையில் துணிக்கூடை, மறு கையில் மூடி போட்ட வாளி. கூடைக்குள் ஒரு ஆமை, வாளிக்குள் ஒரு ஆமை. அழைப்பு மணியை முழங்கையால்தான் அழுத்த வேண்டியிருந்தது.

பெரிய மருத்துவமனை ஒன்றில் முப்பத்தோரு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எந்த நேரத்தில் யார் பேசினாலும் பதமாகப் பதில் சொல்லிப் பழகிய வாய். ஆனால் இந்தக் கதவு திறந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மகனுக்கும் இவளுக்கும் விவாகரத்தாகிப் பதினான்கு மாதம். அதற்கப்புறம் மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

"அவன் வெளிநாட்டுக்குப் போறான்மா. வேலை கெடைச்சிருக்கு. இன்னும் மூணு வாரம்தான். இதுங்கள கடையிலேயே திருப்பிக் குடுத்துடறேன்னான். எனக்கு மனசு கேக்கல. நான் இப்ப இருக்கறது பொண்ணு வீட்ல. அவகிட்ட கேட்டேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னுட்டா."

"என் வீடு உருப்படாம போனா பரவாயில்லையா?" என்றாள் மருமகள்.

டெலிபோன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து பார்த்தால் அவள் உதட்டோரத்தில் சிரிப்பு.

"உள்ள வாங்க. கை வலிக்கப் போகுது."

இரண்டையும் கல்யாணமான முதல் வருடத்தில் அவளும் அவனும் சேர்ந்து வாங்கினார்கள். தரையில் நடப்பதற்குப் பென்ஷன் என்று பெயர். வரும், ஆனால் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. தண்ணீரில் இருப்பதற்கு அவசரம் என்று பெயர். தீனி டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே தலைகீழாகப் பாயும். பிரிந்தபோது அவள் மாடியில் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். அங்கே மனுஷி நீட்டிப் படுக்கவே இடமில்லை. ஆமைகள் அவனிடமே தங்கிவிட்டன. இப்போது இருப்பது கீழ்வீடு. பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு திறந்தவெளி.

அவள் பென்ஷனைத் தூக்கித் திருப்பினாள். அடி ஓடு ஈர ரொட்டி மாதிரி ஊறிக் கிடந்தது. லேசான நாற்றம். வாளிக்குள் அவசரத்தின் இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. கூடவே வந்திருந்த தீனி டப்பாவைத் தட்டினாள். அது அசையவில்லை. அவள் செருப்பைத் தேடினாள். "டாக்டர்கிட்ட போகலாம். இப்பவே."

கால்நடை மருத்துவர் வயதில் சின்னப் பெண். கையுறை போட்ட விரலால் பென்ஷனின் ஓட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கண்ணாடித் தொட்டியில. ரெண்டும் ஒண்ணாத்தான்" என்றார் டெலிபோன் அம்மா.

"ஒண்ணாவா? ஏம்மா, பேருதான் ரெண்டுக்கும் ஆமை. இது தரையில நடந்து இலை திங்கறது. அது தண்ணியில நீந்தறது. இதுக்குக் காஞ்ச தரை வேணும், நேர் வெயில் வேணும். அதுக்குச் சுத்தமான ஆழத் தண்ணி வேணும், ஏறி உக்காந்து உடம்பு காய ஒரு மேடை வேணும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் ரெண்டுக்குமே உதவாது. ஓடு கெட்டியாகறதுக்கு வேண்டிய சத்து அதுல வராது."

"பொழைச்சுக்குமா?"

"இடத்தை மாத்துங்க. நாலு மாசத்துல சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். கட்டட வரைபடம் வரைவதுதான் அவளுக்குச் சோறு போடும் தொழில். பழகிய கை, அரை மணியில் பின்வெளி முழுவதும் தாளுக்கு வந்துவிட்டது. பென்ஷனுக்குப் பத்தடிக்கு ஆறடி அடைப்பு. சுற்றிலும் சிமெண்டுக் கல். கம்பிவலை வேலி கூடாது. வெளியே தெரிந்தால் நாளெல்லாம் முட்டிக்கொண்டே இருக்கும். கல்லைத் தரைக்குக் கீழே ஒரு ஜாண் புதைக்க வேண்டும், தோண்டும் சாதி அது. காக்கையும் பூனையும் வராமல் மேலே வலை. ஒரு மூலையில் பாதி உடைந்த மண்பானையைப் படுக்கப்போட்டால் நிழல். தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடித்தட்டு போதும். மழை நாட்களுக்கு வீட்டுக்குள் ஒரு நீளமான மரப்பெட்டி. அவசரத்துக்குக் கூடத்தில் புதுத் தொட்டி, தண்ணீரை வடிகட்ட மோட்டார், மிதக்கும் பலகை, அதன் மேலே விளக்கு.

"பகல்ல நான் ஆபீஸ்ல இருப்பேனே. யாரு பாத்துக்கறது?" என்றாள், தன்னையே கேட்பது போல.

"நான் வர்றேன். ஒரே பஸ்தான்" என்றார் டெலிபோன் அம்மா, கேள்வி முடிவதற்குள்.

மறுநாள் அவர் கையில் அந்த வீட்டுச் சாவி இருந்தது.

மகள் வீட்டில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. ஆனால் கூடத்தில் படுக்கை. எல்லோரும் எழுந்து கிளம்பும் முன் சுருட்டிவிட வேண்டும். சுருட்டிய பிறகு நாள் முழுக்க என்ன செய்வது என்று தெரியாமல் டிவியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது காலை எட்டு மணிக்கெல்லாம் பஸ் நிறுத்தத்தில் ஆள். கீரையைக் கழுவுவதும், செம்பருத்தி இலையைக் கிள்ளுவதும், முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுவதும், பென்ஷனின் வயிற்றில் மருந்து தடவிக் காயவைப்பதுமாகப் பொழுது போனதே தெரியவில்லை. "அசைஞ்சா என்ன குறைஞ்சா போயிடுவே? நான் வேலைக்கு வந்த புதுசுல எங்க மேனேஜர் இப்படித்தான்" என்று அதனிடம் வாயாடுவார்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சேர்ந்து மூன்று பக்கமும் பள்ளம் தோண்டிக் கல்லைப் புதைத்தார்கள். நாலாவது பக்கம் மிச்சம். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பென்ஷன் கூடையில் வெயில் காயட்டும் என்றாள் மருமகள். டெலிபோன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் ஆபீஸிலிருந்து வரும்போது முடித்துக் காட்டினால் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்தார். புதன்கிழமை மண்வெட்டியை எடுத்தார். நாலு வெட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, ஒரு பக்கம்தானே என்று மண்ணைச் சமன்செய்து, கல்லை மேலாகவே வரிசையாக அடுக்கி, அடியில் மண்ணை அணைத்துவிட்டார். பார்வைக்கு நாலு பக்கமும் ஒன்றுதான்.

"நீங்களே தோண்டிட்டீங்களா?" என்று மருமகள் வாயைப் பிளந்தாள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டார். ஒரு சொல்தான். மறுநாளே பென்ஷனை அடைப்புக்குள் விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்து பின்பக்கம் போனால் பானைக்குள் யாரும் இல்லை. நாலாவது பக்கத்துக் கல்லுக்கு அடியில் ஒரு தட்டு நுழையும் அளவுக்குப் பள்ளம். சுற்றிலும் நகம் கீறிய புது மண்.

ஆபீஸுக்குப் போன் செய்தார். முப்பத்தோரு வருடம் நடுங்காத குரல் நடுங்கியது. மருமகள் வந்து சேர்வதற்குள் தெருவில் பதினொரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். சாக்கடை ஓரமெல்லாம் குனிந்து பார்த்ததில் புடவைக் கரை சேறு. இருட்டும் வரை இருவரும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"நான் தோண்டல" என்றார் அவர், வாசற்படியில் உட்கார்ந்தபடி. "கல்லைச் சும்மா மேல வெச்சேன். இடுப்பு முடியல. தோண்டிட்டேன்னு பொய் சொன்னேன். மழை வேற வர்ற மாதிரி இருக்கு. நாளையிலேர்ந்து நான் வரலம்மா. என்னால உனக்கு நல்லது ஒண்ணும் நடக்கல, எப்பவுமே."

மருமகளுக்குக் கோபம் இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. பிறகு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. எங்கிட்ட என்ன பயம்? நான் அதுங்கள விட்டுட்டுப் போனவ. நீங்க ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்தவங்க. காலையில சீக்கிரமா வாங்க அத்தை, மறுபடி தேடுவோம்."

டெலிபோன் அம்மா செம்பை வாயருகே வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். அத்தை என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

மறுநாள் பதினொரு மணிக்குத் தெருமுனை டயர் கடைக்காரர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "பழைய தகரத்த நிமித்துறேன், அடியில கல்லு மாதிரி ஒண்ணு. எடுத்துத் தூக்கிப் போடலாம்னு கைய வெச்சா காலு நீட்டுது! நேத்து நீங்க சொல்லாம இருந்தா வீசியிருப்பேன்."

பென்ஷனின் மூக்கில் மண். மற்றபடி ஒரு கீறல் இல்லை. டெலிபோன் அம்மா அதை முந்தானையில் வாங்கிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று டயர் கடைக்காரருக்குப் புரியவில்லை. மரியாதைக்கு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் மருமகள் தோண்ட, இவர் உட்கார்ந்தபடி மண்ணை அள்ள, நாலாவது பக்கமும் ஒரு ஜாண் இறங்கியது.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மகன் வந்தான். அம்மா தினமும் இங்கேதான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டான். மருமகள் தலையசைத்தாள்.

அவன் பின்வெளியில் அடைப்பருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பென்ஷன் செம்பருத்திப் பூவைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"நீ போனப்புறம் ரெண்டும் தனித்தனியா கெடந்துச்சு. பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. ஒண்ணா வெச்சா துணையா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். "அழுகிப்போகும்னு தெரியாது."

"எனக்கும் தெரியாது. டாக்டர் சொன்னப்புறம்தான்" என்றாள் அவள்.

கூடத்திலிருந்து மோட்டார் கரகரவென்று இழுத்தது. அவன் எழுந்து உள்ளே போனான். லிஃப்ட் மெக்கானிக், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியாது. ஸ்க்ரூ டிரைவர் கேட்டான். கழற்றினான், சிக்கியிருந்த ஒரு சின்னக் கூழாங்கல்லை எடுத்தான், மாட்டினான். அவசரம் பலகையில் ஏறி, ஒரு கண் திறந்து, ஒரு கண் பாதி திறந்து, விளக்கில் காய்ந்துகொண்டிருந்தது. டெலிபோன் அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளை. கெட்டவனில்லை. இவளும் கெட்டவளில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வர்றியாம்மா?" என்று கை துடைத்தபடி கேட்டான்.

"வராம? ஆனா மூணு மணிக்கு மழைன்னு சொல்றாங்க. பென்ஷனை எடுத்து உள்ள வெக்கணுமே…"

"நீங்க போங்க அத்தை" என்றாள் மருமகள். "நான் அரை நாள் லீவு போட்டுக்கறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "தேங்க்ஸ்" என்றான். "நல்லபடியா போயிட்டு வா" என்றாள் அவள்.

மழைக்காலம் முழுக்கப் பெய்தது. பஸ்ஸில் நனைந்து வருவானேன் என்று டெலிபோன் அம்மா சில நாட்கள் அங்கேயே தங்கினார். மரப்பெட்டி வைத்திருந்த அறையில் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டிலைப் போட்டாள் மருமகள். சில நாட்கள் பல நாட்களாயின. மகள் போனில், "எப்பம்மா வர்றே?" என்று கேட்டபோது, "வெயில் வரட்டும்டி" என்றார்.

நாலாவது மாதம் டாக்டரம்மா பென்ஷனைத் திருப்பிப்போட்டு அடி ஓட்டை விரலால் சுண்டினார். டக்கென்று கெட்டியான சத்தம் கேட்டது. இன்னொரு தடவை சுண்டச் சொன்னார் டெலிபோன் அம்மா.