‘ஆடடி லில்லி’யின் உண்மை வரலாறு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு செத்தவீடு. ஒரு பெண் ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருக்க, என் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த வெட்கத்தை வேறொருவர் தலையில் கட்டிவிடத்தான் பேனாட் என்றொரு பாட்டுக்காரரை உண்டாக்கினேன்.

2

‘1971இல் யாழ்ப்பாணத்தையே உலுக்கிய அந்தப் பாட்டு’ (சீ, வேண்டாம். வானொலி அறிவிப்பு மாதிரி இருக்கிறது.)

பேனாட்டுக்கு எழுபத்தெட்டு வயது. இதே நகரத்தில், செயின்ட்-லோரன்ட்டில் தனியாக இருக்கிறார். இளமையில் அவர் கிட்டார் அடித்துப் பாடிய ‘ஆடடி லில்லி’ என்ற றொக் அண்ட் றோல் பாட்டு ஓகோவென்று ஓடியது. அது இல்லாமல் ஒரு கலியாணவீடும் நடக்கவில்லை. (தேடாதீர்கள், பாட்டும் என் கட்டுக்கதைதான்.) இப்போது அதைத் திரும்ப இசைத்தட்டாகப் போடுகிறார்கள். மெட்டு யாருடையது என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள்.

மெட்டு சிசிலியுடையது. கோயில் பாடகர் குழுவில் அவருடன் பாடியவள். ஆட்டப்பாட்டில் பெயர் வந்தால் பெட்டைக்குக் கலியாணம் நடக்காது என்று அன்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அது இன்றுவரை குத்துகிறது. சாவதற்கு முன் சரிசெய்துவிட வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

3

மெட்ரோ பிடித்து, சிசிலி இருக்கிற லவாலுக்குப் போனார். [இங்கே பனி பெய்யவைத்து, அழித்துவிட்டேன். துக்கமென்றால் உடனே பனியா?] சிசிலி கதவைத் திறந்தாள். (எழுபத்துநாலு வயதுக்காரி. ஆனால் பேனாட்டின் நினைப்பில் இன்னும் ‘அவள்’தான்.) உள்ளே வரச்சொல்லவில்லை.

“மெட்டு உம்மடை எண்டு எழுதிப்போட்டன், சிசிலி. இதிலை ஒரு கையெழுத்து வையும்.”

“வேண்டாம், பேனாட்டண்ணை.”

“உம்மடை பேரைக் களவெடுத்தனான். மனசு கிடந்து அடிக்குது.”

“பேரோ? ஆருக்கு வேணும் பேர்?” அவள் குரல் உயரவில்லை. “அது பாட்டெண்டு கட்டின மெட்டே? அக்கா செத்த அண்டைக்கு அவவின்ரை தலைமாட்டிலை இருந்து அழுதனான். நீங்கள் பந்தலுக்குள்ளை இருந்து கேட்டுப்போட்டு, ரெண்டு மாசத்திலை அதை ஆட்டத்துக்குப் போட்டியள். என்ரை கலியாணவீட்டிலையும் அதுதான். எல்லாரும் ஆடிச்சினம். நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்.”

இத்தனை வருடமும் பெயரைத்தான் களவெடுத்ததாகப் பேனாட் நினைத்திருந்தார்.

“அப்ப... அக்கான்ரை பேரைப் போடுவம்.”

“போடுங்கோ. அவவின்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்.”

ஒப்பாரியில் பெயர் வரவில்லை. ‘என்ரை அக்கா’ என்றுதான் சிசிலி அழுதாள். பாட்டில் அந்த இடத்தில்தான் அவர் ‘லில்லி’ என்று போட்டார். அக்காவின் பெயரை அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

4

மூன்று முடிவுகள் எழுதிப்பார்த்தேன். ஒன்றில் சிசிலி மன்னித்துத் தேத்தண்ணி கொடுக்கிறாள். பொய். இன்னொன்றில் திரும்பும் வழியில் பேனாட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். செத்துத் தப்பவிடுவதா? விடமாட்டேன். மூன்றாவதில் அவருக்குப் பெயர் ஞாபகம் வருகிறது. அந்தப் பெயரை எழுதப்போனேன். என்னிடமும் இல்லை! பேனாட்டுக்கு வயது, பாட்டுக்கு ஆண்டு என்று எல்லாம் யோசித்த நான், செத்தவளுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை. அவளுடைய சாவு கதைக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன்.

பேனாட் வாசலிலேயே நிற்கிறார். சிசிலி கதவைச் சாத்தவில்லை, பதிலுக்குக் காத்திருக்கிறாள். உங்கள் வீட்டில் செத்துப்போன ஒருத்தியின் பெயரை நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மெல்லச் சொல்லுங்கள். எனக்குக் கேட்டால் அதையும் எழுதிவிடுவேன்.