வெல்டு ஓரத்துக் கோடு

விடியலில் பட்டறைக்குள் இருந்தது நாலு பேர். வாசலோரம் கவிழ்த்த வாளிமேல் ஃபிட்டர். எல்லோருக்கும் அவர் மச்சான். சாணைக்கல் பக்கம் கால் நீட்டி கிரைண்டிங் அக்கா. தூணில் சாய்ந்து இளைய வெல்டர் நெட்டையன். மூவரையும் விட்டுத் தள்ளி, நீராவித் தொட்டிக்கு மறுபுறம், மூத்த வெல்டர்.

அவர் மட்டும் சும்மா இருக்கவில்லை. கம்பித் தூரிகையால் அடுத்த தொட்டியின் தூக்குக்கொக்கியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். குளிர் இறங்கிய கனத்த தகடு விரல்களைக் கடித்தது. துருத்தூள் மூக்கில் ஏறியது.

போன வாரம் ஒரு தொட்டியைச் சங்கிலி மாட்டித் தூக்கும்போது, கொக்கி பிய்ந்து தொட்டி விழுந்தது. சங்கிலி மாட்டிய சங்கிலிக்காரர் இடுப்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவரவர் வெல்டுக்குப் பக்கத்தில் அவரவர் முத்திரையை அடிப்பது அங்கே வழக்கம். பிய்ந்த கொக்கியில் இருந்தது மூத்தவரின் முத்திரை. அன்றிலிருந்து யாரும் அவரோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டிலும் அவருக்குப் பதில் சொல்லக் கதவு ஒன்றுதான். 'என் கவனக்குறைவுதான்' என்று இன்று காலை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. கொடுத்தால் வேலை போய்விடும், பழி போகாது.

கொக்கியில் மண்ணெண்ணெய் தடவினார். நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவினார். வெள்ளையில், வெல்டை ஒட்டி, ஈரமாக ஒரு கோடு மெல்ல ஊறி நீண்டது.

நெட்டையன் குனிந்து பார்த்தான். "இது என் முத்திரையாச்சே."

"உன் வெல்டு கெட்டிதான்ப்பா. பக்கத்துத் தகட்டுல விரிசல் விட்டிருக்கு. முதல்ல கேஸ் வச்சுச் சூடு காட்டணும். சில்லுன்னு இருக்கையில பத்த வச்சா, ஓரத்து இரும்பு படக்குன்னு ஆறிக் கண்ணாடி மாதிரி ஆயிரும்."

"நான் தேய்க்கிறப்ப கோடு இல்லையேண்ணே," என்றாள் அக்கா.

"உடனே தெரியாதும்மா. ரெண்டு நாள் கழிச்சு வரும்."

"சொந்தக்காரன் மாதிரி," என்றார் மச்சான். அவருக்கே சிரிப்பு வரவில்லை. செலவைக் குறைக்க முதலாளி சொன்னதும், சூடு காட்டும் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனது அவர்தான்.

முதலாளி வந்தார். "எழுதியாச்சா?"

"இல்லைங்க. சூடு காட்டவேண்டாம்னு சொன்னது நீங்க."

"வெல்டு வச்சா தானா சூடாகப்போகுது. குளிக்கப் போறவன் எதுக்குய்யா முகம் கழுவணும்? முத்திரை உன்னுது. தப்பு பண்ணவன் ஒருத்தன், போறவனும் அந்த ஒருத்தன்தான்."

"இதுல என் முத்திரைங்க," நெட்டையன் கோட்டைக் காட்டினான். "அப்ப நானும் போறேன்."

"தேய்ச்சு அனுப்புனது நான்," என்றாள் அக்கா.

மச்சான் எழுந்தார். "கேஸை எடுத்துட்டுப் போனது நான். இனிமே சூடு காட்டாத தகட்டுல இங்க யாரும் பத்த வைக்கமாட்டோம்."

"வெளியில ஆளுக்கா பஞ்சம்?" முதலாளி விறுவிறுவென்று போய்விட்டார்.

நடந்ததையெல்லாம் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அக்கா எழுதினாள். நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சங்கிலிக்காரர் படுத்தபடியே பேனாவை வாங்கினார். மூத்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் பெயருக்குக் கீழேயே தன் பெயரை எழுதினார்.

பதில் வருமோ, வேலை மிஞ்சுமோ, தெரியாது. மூத்தவர் உறையைப் பசை தடவி ஒட்டித் தபால்பெட்டிக்குள் போட்டார். அது உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை நாலு பேரும் நின்றார்கள்.