உட்கார்ந்து ஆடிய டென்னிஸ்

தினமும் அரை மணி நேரம், மூச்சு வாங்கும்படி நடந்தால்தான் இதயத்துக்கு நல்லது என்று என் மனைவி பிரேமாவிடம் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அதற்குச் சீவேலியைக் கண்டுபிடித்தாள். எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து பத்மநாப சுவாமி கோவில்வரை நடை, அங்கே சீவேலிக்குச் சுவாமி எழுந்தருளும்போது பின்னாலேயே மூன்று சுற்று. ஆனால் தனியாகப் போக மாட்டாள். நானும் வர வேண்டும்.

எனக்கோ உடம்பு வணங்காது. டி.வி.யில் நியூஸ் ஓடும் நேரத்தில், சட்டையைக் கழற்றித் தொப்பையைக் காட்டிக்கொண்டு யார் சுற்றுவது? அந்தச் சமயம் பெரியப்பா மகன் போய்ச் சேர்ந்தார். பத்து நாள் தீட்டு, கோவில் கிடையாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, துக்கத்தைவிட நிம்மதிதான் எனக்கு அதிகம்.

எங்கள் பெண் அனுஷா அந்தப் பத்து நாளுக்குள் பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ கேம் அனுப்பினாள். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டி.வி. முன்னால் டென்னிஸ் ஆட வேண்டும். முதல் நாள் நான் குதித்து ஆடிப் பார்த்தேன். பனியன் தொப்பலாக நனைந்துவிட்டது. நல்ல உடற்பயிற்சிதான், சந்தேகமில்லை.

பதினோராம் நாள் பிரேமா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "சீவேலிக்கு நேரமாச்சு, வரேளா?"

"கேம்தான் இருக்கே. அதை ஆடேன்."

"சாரமில்லை, போகட்டும்," என்று சொல்லிப் புடவையை மாற்றப் போனாள்.

அதன்பின் தினமும் நான் லைப்ரரி போகும் நேரத்தில் அவள் ஆடினாள்; வந்ததும் அவள் ஸ்கோரைப் போட்டோ எடுத்து அனுஷாவுக்கு அனுப்பினேன். தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். ஒரு நாள் லைப்ரரியிலிருந்து சீக்கிரமே திரும்பியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிரேமா நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பாயின்ட் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுநாளே அவளோடு நடக்க வேண்டியிருக்கும். திரும்பிப் போய்க் கடையில் ஒரு காபி குடித்துவிட்டு, கேட்டைச் சத்தமாகத் திறந்துகொண்டு வந்தேன். ரிமோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் நான்தான் ஜெயிச்சேன், கேட்டேளா? சந்தோஷம்தானே உங்களுக்கு?"

சந்தோஷம் என்றேன்.

ஐந்து மாதம் அப்படியே ஓடியது. போன வாரம் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

காரியத்துக்கு வந்திருக்கும் அனுஷா இன்று போனில் அந்த ஸ்கோர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் விடாம ஆடினாளேப்பா. பின்னே எப்படிப்பா?"

தாங்க முடியவில்லை எனக்கு. "உட்கார்ந்துண்டுதான் ஆடினா. நான் பார்த்தேன்."

"பார்த்துட்டு என்ன பண்ணினேள்?"

"காபி குடிக்கப் போனேன்."

அனுஷா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை கேட்டது. தட்டப் போன கையை இறக்கிவிட்டு, இந்தத் தடவையும் வெளியிலேயே நின்றேன்.